"தெரியல" என்பதும் பதில்தான்

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. 7 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நானும் சோர்ந்து உட்காரவில்லை. தெரபி, பேச்சுப் பயிற்சி, கண்ணைப் பார்த்துப் பேசுவது, கையை உதறாமல் உட்காருவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தேன். நல்ல மதிப்பெண்ணோடு பள்ளியை முடித்தாள். "பார்த்தால் தெரியவே இல்லையே" என்று எல்லோரும் சொல்வார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டில் எல்லாம் சரிந்துவிட்டது. 4 மாதமாக அறையை விட்டு வருவதில்லை. குளிக்க வைப்பதே பெரும்பாடு. பேச்சு குறைந்துவிட்டது. முன்பு தாங்கிக்கொண்ட சத்தத்துக்கெல்லாம் இப்போது காதைப் பொத்திக்கொள்கிறாள். அந்துப்பூச்சிகள் என்றால் அவளுக்கு உயிர், நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டுகளையும் தொடுவதில்லை. மருத்துவர், "ஆட்டிசம் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்றார். கவுன்சலிங்கில் "உன் மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "தெரியல" என்கிறாள். 3 முறை போனதும், ஒத்துழைப்பு இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். போன வாரம், "நான் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் வேலை குறையும்" என்றாள். முகத்தில் எந்தச் சோகமும் இல்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். இது ஆட்டிசம் முற்றுவதா, மனச்சோர்வா? அவளைத் தட்டி எழுப்ப வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? நான் கற்றுக்கொடுத்ததுதான் அவளை இப்படி ஆக்கிவிட்டதா? அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போன வாரம் அவள் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் சில நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

முகத்தில் சோகம் இல்லை என்பதால் சும்மா சொல்கிறாளோ என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் மகளைப் பொறுத்தவரை முகத்தை நம்பாதீர்கள், சொன்ன சொல்லை நம்புங்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு உள்ளே நடப்பதும் முகத்தில் தெரிவதும் ஒன்றாக இருப்பதில்லை. மிகக் கொடுமையான ஒன்றைக்கூட நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிடுவார்கள். 2014-ல் இங்கிலாந்தில் சாரா காசிடி, சைமன் பேரன் கோஹன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ந்த பிறகு அஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு அப்போது இருந்த பெயர்) என்று கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேட்டதில் 66 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைக் கடந்துபோக விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றைக்கே நேரடியாகக் கேளுங்கள். "செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா? எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறாயா?" இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். "தப்பாக ஏதும் நினைக்கிறியா?" என்று சுற்றி வளைத்தால் எதைக் கேட்கிறீர்கள் என்றே அவளுக்குப் புரியாமல் போகலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை என்பதை இத்தனை ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாயால் சொல்ல முடியாவிட்டால் ஆமாம், இல்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றே மனநல அவசர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் அவளைப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும், உங்களுடையதையும் சேர்த்து, பூட்டி வையுங்கள்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஆட்டிசம் 4 மாதத்தில் முற்றுகிற ஒன்று அல்ல. அது பிறவியிலிருந்து கூடவே வருவது. உங்கள் மகள் குளித்தாள், பேசினாள், பூச்சிகளைப் பற்றி எழுதினாள், இப்போது அவற்றைச் செய்வதில்லை. அப்படியானால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "ஆட்டிசம் என்றால் இப்படித்தான்" என்ற பதில் அந்தக் காரணத்தைத் தேடும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் ஒட்டிவிட்டால், அதன்பிறகு அவருக்கு வருகிற எல்லாவற்றையும் அந்தப் பெயரிலேயே போட்டுவிடும் இந்தப் பழக்கத்தை 1982-லேயே ரைஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் கவனித்து எழுதினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் அது போகவில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மனநலத்தைத்தான் நான் ஆய்வு செய்கிறேன், என்னிடம் பேசுபவர்களில் பாதிப் பேராவது இந்த ஒரே வாக்கியத்தை எங்காவது கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

இப்படி ஆனதற்கு வரலாறும் ஒரு காரணம். 1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற பெயர் பரவலாகத் தொடங்கியது. அதன்பிறகு பல பத்தாண்டுகள் எல்லோரும் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகள் 20, 40, 60 வயதுக்கு வருவார்கள், அவர்களுக்கும் மனம் உடையும் என்பதை ஆய்வுலகம் மிகவும் தாமதமாகத்தான் யோசித்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2019-ல் வந்த ஓர் அலசலின்படி, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 23 விழுக்காட்டினருக்கு அந்தச் சமயத்தில் மனச்சோர்வு நோய் இருந்தது, 27 விழுக்காட்டினருக்குப் பதற்ற நோய் இருந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்தவர்கள் 37 விழுக்காடு. இது பொதுமக்களிடையே இருப்பதைவிட மிக அதிகம். இவ்வளவு பேருக்கு வருகிறது என்பதால் அது ஆட்டிசத்தின் ஒரு பகுதி ஆகிவிடாது. தனியாகக் கண்டறிய வேண்டியது, தனியாகச் சிகிச்சை தர வேண்டியது.

ஒரு கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க மாட்டேன். ஆனால் மருத்துவரிடம் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று சொல்ல முடியும். மனச்சோர்வு ஒன்று. தைராய்டு, ரத்தசோகை, வலிப்பு, சொல்லத் தெரியாத ஏதாவது உடல்வலி, இவையெல்லாம் இருக்கின்றனவா என்று முதலில் பரிசோதித்துவிட வேண்டும். அப்புறம், பலருக்கும் நினைவுக்கு வராத ஒன்று கேட்டடோனியா. நடை மிக மெதுவாவது, ஒரு வேலையின் நடுவில் உறைந்து நின்றுவிடுவது, யாராவது தொட்டால்தான் அடுத்த அசைவு வருவது, பேச்சு ஏறக்குறைய நின்றுபோவது, இவை அதன் அடையாளங்கள். லோர்னா விங்கும் அமிதா ஷாவும் 2000-ல் எழுதிய கட்டுரையில், தங்கள் மையத்துக்கு வந்த ஆட்டிசம் உள்ளவர்களில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 17 விழுக்காட்டினரிடம் இதைக் கண்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் 15-லிருந்து 19 வயதுக்குள் தொடங்குவது இது. உங்கள் மகளிடம் இப்படி ஏதாவது தெரிந்தால், அவளுடைய சம்மதத்தோடு கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது தெளிவாகப் புரியும். இதற்குச் சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

இனி "தெரியல".

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் கவுன்சலிங்கை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த இடம்தான் மிகவும் வலித்தது. ஏனென்றால் அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். தன் உணர்ச்சி எது என்று அடையாளம் காணவும், அதற்குச் சொல் கொடுக்கவும் சிரமப்படும் நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். 1970-களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர் அது. கிரேக்கச் சொற்களிலிருந்து எடுத்தது, உணர்வுக்குச் சொல் இல்லாமை என்று பொருள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது, மற்றவர்களில் 20-ல் ஒருவருக்குத்தான். இது இருப்பவருக்கு உணர்ச்சி இல்லை என்று பொருள் அல்ல. நெஞ்சு அடைக்கும், வயிறு பிசையும், கை சில்லிடும், ஆனால் அது பயமா, துக்கமா, பசியா என்று பிரித்துச் சொல்ல வராது. அவரிடம் போய் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் நேர்மையான பதில் "தெரியல" ஒன்றுதான்.

ஆய்வுக்கு வந்த புதிதில் நானும் இதில் தவறு செய்தேன். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்கள் பலவற்றில் "கடந்த இரண்டு வாரங்களில்" என்று தொடங்கும் கேள்விகள் இருக்கும். ஆட்டிசம் உள்ள ஒருவரிடம், இரண்டு வாரங்களில் சோர்வாக உணர்ந்தீர்களா என்று கேட்டேன். "எந்த நாள்? காலையா, மாலையா? சோர்வு என்றால் தூக்கமா?" என்று திருப்பிக் கேட்டார். பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டேன். பல மாதம் கழித்துத்தான் உறைத்தது, அவர் என் கேள்வியை நான் யோசித்ததைவிட அக்கறையாக யோசித்திருக்கிறார். அதன்பிறகு கேட்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன்.

நீங்களும் வீட்டில் மாற்றிப் பாருங்கள். உடம்பைப் பற்றியும் செயலைப் பற்றியும் கேளுங்கள். "நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? எழுந்ததும் உடம்பு கனமாக இருந்ததா? நெஞ்சில் ஏதாவது இறுக்கமா? எந்தச் சத்தம் அதிகம் தொந்தரவு செய்தது?" ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். பதில் வர 10, 20 நொடி ஆகலாம், அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடாதீர்கள். பேசுவதைவிடத் தட்டச்சு செய்வது எளிது என்றால் பக்கத்து அறையிலிருந்தே கைப்பேசியில் கேளுங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவதா என்று கூச்சமாக இருக்கும். கூச்சப்பட ஒன்றும் இல்லை, அதுவும் பேச்சுதான்.

உங்கள் கடிதத்திலேயே நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி, நான் கற்றுக்கொடுத்ததுதான் காரணமா என்பது. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

"பார்த்தால் தெரியவே இல்லையே" என்பதை எல்லோரும் பாராட்டாகச் சொன்னார்கள், நீங்களும் பாராட்டாகத்தான் வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் தெரியாமல் இருப்பதற்கு அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிமிடமும் உழைத்திருக்கிறாள். எவ்வளவு நேரம் கண்ணைப் பார்ப்பது, எப்போது திருப்புவது, எந்த இடத்தில் சிரிப்பது, கை தானாக உதறப் பார்த்தால் எப்படி அடக்குவது, இத்தனையையும் தலைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பாடத்தையும் கவனித்திருக்கிறாள். இதை மாஸ்கிங் என்கிறோம், முகமூடி போட்டுக்கொள்வது. லாரா ஹல் குழுவினர் 92 பெரியவர்களிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டு 2017-ல் எழுதினார்கள். முகமூடி போட்ட பிறகு உடம்பும் மனமும் ஓய்ந்துபோவதையும், தன் உண்மையான முகம் எது என்றே குழம்பிப்போவதையும் அவர்கள் சொன்னார்கள். முகமூடி அணிவதும் தற்கொலை எண்ணமும் தொடர்புடையவை என்று காசிடியின் 2018-ஆம் ஆண்டு ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, ஆமாம், அந்தப் பயிற்சிகளுக்கு ஒரு விலை இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் அந்தப் பயிற்சிகளை நீங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. 7 வயதுப் பிள்ளையோடு போய் நின்றபோது, இதுதான் வழி என்று உங்களுக்குச் சொன்னவர்கள் என் துறையைச் சேர்ந்தவர்கள். இந்தத் துறை தாய்மார்களுக்குச் செய்த அநியாயம் பெரிது. 1950-களிலும் 60-களிலும், தாய் பாசமில்லாமல் வளர்த்ததால்தான் ஆட்டிசம் வருகிறது என்றே பெரிய பெரிய நிபுணர்கள் சொல்லிவந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் அதைச் சான்றுகளோடு மறுத்தார். 1969-ல் கானரே பெற்றோர்கள் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து, உங்கள்மீது குற்றமில்லை என்று சொல்ல வேண்டிவந்தது. எனவே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. "கையை உதறாதே என்று சொன்னேன். அதற்கு நீ எவ்வளவு சிரமப்பட்டாய் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இனி வீட்டில் அடக்க வேண்டாம்" என்று அவளிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

தட்டி எழுப்புவதா, விடுவதா என்று கேட்டீர்கள். இங்கேதான் ஒரு சிக்கல். மனச்சோர்வுக்கு வழக்கமாகச் சொல்லும் ஆலோசனை, வெளியே போ, நாலு பேரைப் பார், ஏதாவது செய் என்பது. பலருக்கு அது பலன் தருவதும் உண்மை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் பர்ன்அவுட் என்று ஒரு நிலையைச் சொல்கிறார்கள். டோரா ரேமேக்கர் குழுவினர் 2020-ல் அவர்களையே கேட்டு அதைத் தெளிவாக விவரித்தார்கள். நீண்டகாலம் சக்திக்கு மீறி ஈடுகொடுத்ததால் வரும் தீராத களைப்பு, இருந்த திறன்கள் கைநழுவிப்போவது, ஒலி, ஒளி போன்றவற்றைத் தாங்கும் அளவு குறைந்துபோவது, மூன்றும் சேர்ந்தது அது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. இந்த நிலையில் இருப்பவரை நாலு பேர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் இன்னும் மோசமாகும்.

மனச்சோர்வும் பர்ன்அவுட்டும் ஒன்றாகவே வரலாம், பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. பிரித்துப் பார்க்க நான் கவனிக்கும் ஓர் இடம் உண்டு. இது நிரூபிக்கப்பட்ட சோதனை அல்ல, என் அனுபவம். பிடித்த விஷயத்தின்மீது ஆசை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். செய்ய ஆசை, ஆனால் முடியவில்லை என்றால் களைப்பு முன்னால் நிற்கிறது. ஆசையே வற்றிவிட்டது என்றால் மனச்சோர்வு ஆழமாக இறங்கியிருக்கிறது. அந்த நோட்டுகளைப் பற்றி அவளிடம் கேளுங்கள். "ஏன் எழுதலை?" என்று கேட்டால் குற்றம்சாட்டுவதுபோல ஆகிவிடும். "எழுத வேண்டும்போல இருக்கிறதா, இல்லையா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதுவரை சுமையைக் குறையுங்கள். கல்லூரிக்கு இந்தப் பருவம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள், அந்தக் கவலை தினமும் தலைக்குமேல் தொங்க வேண்டாம். சத்தத்தை அடைக்கும் ஹெட்ஃபோன், மங்கலான வெளிச்சம், விருந்தாளிகள் வந்தாலும் அறையை விட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லாமை. குளியல் ஒரு வேலைபோலத் தெரிந்தாலும் அதற்குள் தண்ணீரின் சூடு, ஈரத்தலை, துண்டின் சொரசொரப்பு, உடை மாற்றுவது என்று பத்து வேலை இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டாலும் போதும் என்று சொல்லுங்கள். விடுவது என்றால் கைவிடுவது அல்ல. வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர், ஒரே நேரத்தில் ஒருமுறை நீங்கள் வந்து பேசாமல் பக்கத்தில் 15 நிமிடம் உட்காருவது, இவை நிற்கக் கூடாது. வருவதற்கு முன் நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதே அவர்களுக்குப் பெரிய பதற்றம்.

சிகிச்சைக்கு ஆள் தேடும்போது ஒன்று கேளுங்கள், "ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக உங்கள் முறையை எப்படி மாற்றிக்கொள்வீர்கள்?" சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுத்தும் படமும் அதிகம் பயன்படுத்த வேண்டும், உவமையும் பூடகமும் இல்லாமல் நேராகப் பேச வேண்டும், இடைவேளை தர வேண்டும், அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும். அந்துப்பூச்சியைப் பற்றிக் கேட்க ஆர்வம் காட்டும் ஆலோசகர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், ஆனால் எதற்கு என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கு என்றால் சரி. ஆட்டிசத்துக்கு என்றால் அந்த மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களுக்காக, ஆட்டிசம் உள்ள 149 குழந்தைகளிடம், மனச்சோர்வுக்குத் தரும் சிட்டலோப்ராம் மருந்தைச் சோதித்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை என்று 2009-ல் தெரிந்தது. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டச் சொல்லுங்கள். பக்கவிளைவை அவளாக வந்து சொல்ல மாட்டாள். இருப்புக் கொள்ளாமல் நடப்பது, தூக்கம் மாறுவது ஆகியவற்றைத் தேதி போட்டு நீங்கள்தான் குறித்துவைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் சாவைப் பற்றிய பேச்சு கூடினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

உடல் தேறிய பிறகு, அவளைப் போன்றவர்களோடு பழக ஒரு வழி தேடுங்கள், எழுத்து வழியாகவே இருந்தாலும் பரவாயில்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பழகத் தெரியாது என்ற எண்ணத்தை டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-ல் கேள்வி கேட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். 2020-ல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 72 பேரை வைத்து, ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குச் செய்தி கடத்தும் விளையாட்டுப்போல ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசை அளவுக்கே செய்தியைச் சரியாகக் கடத்தியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் சிதைந்தது. உங்கள் மகள் 20 வருடமாகக் கலந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

கடைசியாக, அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்றீர்கள். அதை இன்றோடு முடித்துவிடுங்கள். அவளுக்கு 20 வயது, பேசப்படுவது அவளுடைய வாழ்க்கை. "உன்னைப் பற்றி ஓர் உளவியலாளருக்கு எழுதினேன், உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். பதில் வந்திருக்கிறது, விரும்பினால் படி" என்று ஒரு தாளில் எழுதி, இந்தப் பதிலோடு அவள் மேசையில் வையுங்கள். சாவைப் பற்றிய கேள்வியைக் கேட்டு, அவள் பதிலைக் கேட்ட பிறகு வையுங்கள், அதற்கு முன் வேண்டாம். நான் எழுதியதில் எது தவறு என்று அவள் அடித்துத் திருத்தினால், அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முடிந்தால் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.